ஒன்பது நாள் வேட்டைக்கு ஒன்பது துப்பாக்கி

ஆயுத பூஜை அன்று எங்கள் வீட்டில் வருடாந்திரத் தணிக்கை நடக்கும். ஹாலின் ஒரு பக்கம் மனைவியின் கொலு. எதிர்ப்பக்கம் நான் ஒரு பழைய ஜமுக்காளத்தை விரித்து, பேஸ்மென்ட்டில் இருக்கும் இரும்புப் பெட்டியிலிருந்து ரைஃபிள்களை ஒவ்வொன்றாக எடுத்து வந்து படுக்க வைப்பேன். ஒவ்வொன்றையும் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று நான் ஒரு தடவையும் அவள் ஒரு தடவையும் பார்த்த பிறகுதான் சந்தனம், குங்குமம். அதுவும் மரக்கட்டையில் மட்டும். இரும்பில் ஈரச் சந்தனம் பட்டால் துருப்பிடிக்கும் என்று முதல் வருடமே கற்றுக்கொண்டேன். அவள் கிண்ணத்தோடு வரிசையாகப் பொட்டு வைத்துக்கொண்டே வருவாள். வாய் ஏதோ சுலோகம் சொல்லும், மனசு எண்ணிக்கொண்டிருக்கும்.

போன வருடம் எண்ணிக்கை ஒன்பதில் வந்து நின்றது.

"எட்டுன்னுதானே சொன்னீங்க?"

"அந்தச் சின்னது .22. முயல், அணிலுக்கு. அதெல்லாம் கணக்குல வராது."

"அதுக்கும் சேர்த்துத்தானே பொட்டு வெச்சேன்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில். இங்கே துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போவதற்கான பெரிய சீசன் மொத்தம் ஒன்பது நாள். நவம்பர் நான்காவது வியாழனன்று வரும் தேங்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி அடுத்த வார ஞாயிறோடு முடிந்துவிடும். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு கண்ணைக் குத்தும் ஆரஞ்சுச் சட்டையில் காட்டுக்குள் இறங்குவார்கள். (2016 முதல் இளஞ்சிவப்பும் போட்டுக்கொள்ளலாம். போட்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.) ஒன்பது நாளில் அலுவலகமும் வீடும் எனக்கு விட்டுக்கொடுப்பது நான்கு நாள். அந்த நான்கு நாளில் நான் சுடுவது ஒன்று, மிஞ்சினால் இரண்டு தோட்டா. பதிமூன்று சீசன் போயிருக்கிறேன், பதினோரு மான். அதில் ஒன்பது மான், நான் முதன்முதலில் வாங்கிய துப்பாக்கிக்கு விழுந்தவை. மீதி எட்டுத் துப்பாக்கிகளும் சேர்ந்து இரண்டு.

அந்த முதல் துப்பாக்கி வாங்கிய கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2011-இல் நான் எச்-1பி விசாவில் இருந்தேன். அமெரிக்கச் சட்டப்படி என்னைப் போலத் தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைத் தொடவே கூடாது. ஆனால் அதே சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் வாங்கலாம். அந்த லைசென்ஸுக்கு வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் தேறியிருக்க வேண்டும். 1973-இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு விஸ்கான்சினில் அது கட்டாயம். பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் மீசை வைத்த ஒரே மாணவனாக உட்கார்ந்து தேறினேன். கடைக்காரர் என் பாஸ்போர்ட்டையும் விசாவையும் லைசென்ஸையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். உள்ளே போய் யாருக்கோ போன் செய்தார். அப்புறம் படிவத்தை நீட்டினார். வாங்கியது பழைய சாவேஜ் 110, .30-06 காலிபர் (அதாவது தோட்டாவின் அளவு), 340 டாலர். கட்டையில் ஒரு நீளக் கீறல். ஸ்கோப், அதாவது குறிபார்க்கும் தொலைநோக்கி, ஓசியில் வந்தது என்றே சொல்லலாம்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். .30-06 என்பது 1906-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட தோட்டா. முயலைத் தவிர இந்த நாட்டில் சுடத்தக்க எல்லாவற்றுக்கும் அது போதும். நான் வேட்டைக்குப் போவது வாசா நகருக்கு வடக்கே, அலுவலக நண்பருடைய அப்பாவின் காட்டில். மரங்கள் அவ்வளவு நெருக்கம். நான் சுட்டதிலேயே தூரமான மான் 90 கஜத்தில் நின்றது.

"மரங்கள் நெருக்கம்" என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் இரண்டாவது துப்பாக்கி முளைத்தது. நெருக்கமான காட்டுக்கு, பிடியை இறக்கி ஏற்றித் தோட்டா மாற்றும் குட்டையான லிவர் ரைஃபிள்தான் சரி என்று நண்பரின் அப்பா ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். ஆறு வாரத்தில் என்னிடம் ஒரு மார்லின் 336 இருந்தது. அதுவும் குழலில் 'ஜேஎம்' முத்திரை குத்தியது. மார்லின் கம்பெனி பின்னால் ரெமிங்டன் கைக்குப் போனது, கனெக்டிகட்டில் இருந்த பழைய தொழிற்சாலை 2011-இல் மூடப்பட்டது, 2020-இல் ரூகர் என்ற கம்பெனி மார்லினை வாங்கியது. பழைய தொழிற்சாலைச் சரக்குக்கு அடையாளம் அந்த முத்திரை. அது இருந்தால் ஒரு மரியாதை, விலையிலும் ஒரு மரியாதை. மானுக்கு இந்த வித்தியாசம் தெரியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் காலிபர் பைத்தியம். வெளியாருக்கு இதை இப்படி விளக்கலாம்: ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம், பணியாரம் எல்லாம் வருகிறதல்லவா? .30-06 தோட்டாவின் பித்தளைக் கூடுதான் மாவு. அதன் கழுத்தைச் சுருக்கினால் .270 வின்செஸ்டர், 1925-இல் வந்தது. ஜாக் ஓ'கானர் என்ற பத்திரிகைக்காரர் ஆயுள் முழுக்க அதன் புகழ் பாடியே அதை வீட்டுக்கு வீடு கொண்டுபோய்ச் சேர்த்தார். இன்னொரு மாவு .308, 1952. அதைச் சுருக்கினால் .243, வேறு அளவில் சுருக்கினால் 7மிமீ-08. .270-இன் குண்டுக்கும் 7மிமீ குண்டுக்கும் விட்டத்தில் வித்தியாசம் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் ஏழு பங்கு. நோட்டுப் புத்தகத் தாள் இரண்டை ஒட்டிவைத்த கனம். அந்த இரண்டு தாள் கனத்தை நிரப்ப நான் 600 டாலர் கொடுத்திருக்கிறேன்.

நிரப்ப என்றுதான் தோன்றும். என்னைப் போன்றவன் மனசுக்குள் ஓர் அட்டவணை ஓடிக்கொண்டே இருக்கும், அதில் காலிக் கட்டங்கள் தெரியும். "தோளில் இலேசான உதை, மகள் வளர்ந்தால் சுடலாம்" என்று ஒரு கட்டம். அதற்காக வாங்கியது .243. மகளுக்கு இப்போது பதினாறு வயது, அவள் சைவம். "திறந்த வெளி, நீண்ட தூரம்" என்று இன்னொன்று. அதற்காகப் பின்லாந்தில் செய்த டிக்கா, 6.5 கிரீட்மோர். திறந்த வெளிக்கு நான் போனது கோல்ஃப் மைதானத்துக்கு, அலுவலகப் பிக்னிக்கில். "ராக்கி மலையில் எல்க் மான்" என்று ஒரு பெரிய கட்டம். எல்க் என்றால் மாடு கனம் இருக்கும். அதற்காக .300 வின்செஸ்டர் மேக்னம். இருபது தோட்டா சுட்டேன், இரண்டு நாள் தோள் வலித்தது. ராக்கி மலைக்குக் குடும்பத்தோடு ஒரு தடவை போனோம். மகள் எல்க்கைப் படம் எடுத்தாள்.

இதை ஆசை என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் எப்போது வருகிறது என்று கவனித்தால் வேறு ஒன்று தெரிகிறது. என் ரசீதுகளை எடுத்துப் பார்த்தேன். ஒன்றுகூட நவம்பரில் வாங்கியதில்லை. பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச். வெளியே மைனஸ் பதினைந்து, பொழுது சீக்கிரமே மங்குகிறது, அடுத்த சீசனுக்கு ஒன்பது மாதம். அப்போதுதான் சனிக்கிழமை காலை "பால் வாங்கிட்டு வரேன்" என்று கிளம்பி முப்பது மைல் தள்ளியிருக்கும் பழைய துப்பாக்கிக் கடைக்குப் போவேன். போகும் விதமே வேட்டைதான். கதவைத் திறந்ததும் அவசரப்படக் கூடாது. முதலில் தூண்டில் பக்கம், தொப்பிப் பக்கம் என்று சுற்ற வேண்டும். ஓரக்கண்ணால் அலமாரியைப் பார்க்க வேண்டும். போன வாரம் இல்லாத ஒரு வால்நட் கட்டை இன்று இருக்கிறதா? இருந்தால் நெஞ்சில் ஒரு படபடப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், மரத்துக்கு மேலே உட்கார்ந்திருக்கும்போது காய்ந்த இலை சரசரத்தால் வருமே, அதே படபடப்பு. வேட்டைக்குச் சட்டம் கொடுத்தது ஒன்பது நாள். மீதி முந்நூற்று ஐம்பத்தாறு நாளும் கடை திறந்திருக்கிறது.

நியாயம் கற்பிப்பதில் நான் மன்னன். 1937-ஆம் வருடத்துப் பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் என்று ஒன்று இங்கே உண்டு. ஒவ்வொரு புது ரைஃபிள் மேலும் தோட்டா மேலும் 11 சதவீதம் வரி. அந்தப் பணம் மாநிலங்களின் வனவிலங்குப் பாதுகாப்புக்குப் போகிறது. ஆக, நான் துப்பாக்கி வாங்குவது காட்டுக்குச் செய்யும் தொண்டு. இந்த வாதத்தை ஒரு இரவு சாப்பாட்டு மேஜையில் வைத்தேன். "நீங்க வாங்குறதெல்லாம் பழசாச்சே, அதுக்கு வரி உண்டா?" என்றாள். கிடையாது. புதிதாக விற்கும்போது ஒரு தடவைதான். விடுங்கள்.

பெட்டி ஒரு தனித் தொல்லை. "24 துப்பாக்கி கொள்ளும்" என்று வெளியே ஒட்டியிருந்தது. அது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த பொய், ஸ்கோப் மாட்டியதை வைத்தால் பன்னிரண்டுதான் கொள்ளும். ஆனாலும் ஒன்பது போக மூன்று காலி இடம் தெரிகிறதே. பெட்டிக்கு நேர் பக்கத்து அலமாரியில் கொலு பொம்மைப் பெட்டிகள் பதினாலு. மூன்று படியில் தொடங்கிய கொலு இப்போது ஏழு படி. வருடத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது சம்பிரதாயமாம். மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் வாங்கிய தசாவதார செட்டை என் வேட்டிகளில் சுற்றிச் சூட்கேஸில் கொண்டுவந்தவள் அவள். இதை ஒரு முறை ஜாக்கிரதையாகச் சுட்டிக்காட்டினேன். "என் பொம்மைகளைப் பார்க்க இருபது குடும்பம் வருது, சுண்டல் தரேன். உங்க பொம்மைகளை யார் பார்க்கிறாங்க?" என்றாள். நியாயமான கேள்வி. என் கொலு பூட்டியே இருக்கிறது. பூட்டித்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள். பதினாறு வயதுப் பெண் இருக்கும் வீட்டில் பெட்டியின் எண் என் ஒருவன் தலைக்குள் மட்டும்தான். இந்த ஒரு விஷயத்தில் நான் வேடிக்கை பேசுவதில்லை.

ஊரில் அம்மாவிடம் எண்ணிக்கையை இன்னும் சொல்லவில்லை. இந்தியாவில் லைசென்ஸ் உள்ளவரே மூன்று வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது, 2019 திருத்தத்தில் அதை இரண்டாக்கினார்கள். இங்கே பியூ ஆய்வு மையம் 2017-இல் கேட்டபோது துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 29 சதவீதம் பேர் ஐந்தோ அதற்கு மேலோ இருக்கிறது என்றார்கள். அதற்கு முன் 2015-இல் ஹார்வர்டும் நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த கணக்கெடுப்பில் வந்தது இன்னும் விசித்திரம்: நாட்டின் துப்பாக்கிகளில் பாதி வெறும் 3 சதவீதப் பெரியவர்களிடம், ஆளுக்குச் சராசரி 17. மனைவிக்கு இதை ஆறுதலாகச் சொன்னேன். அவள் அதை இலக்காக எடுத்துக்கொண்டுவிடாதீர்கள் என்றாள்.

ஒன்பதில் ஒன்று மட்டும் வேறு வழியில் வந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர், எண்பது தாண்டியவர், இறந்துபோனார். சில மாதம் கழித்து அவர் மனைவி கூப்பிட்டு அனுப்பினார். மகன்கள் இருவரும் வேறு மாநிலத்தில், இருவருக்கும் வேட்டையில் நாட்டமில்லை. படுக்கையறை அலமாரியின் மூலையில் ஒரு வின்செஸ்டர் மாடல் 70. அதில் பொறித்த வரிசை எண்ணை வைத்துப் பார்த்தால் ஐம்பதுகளில் செய்தது. 1964-இல் கம்பெனி செலவைக் குறைக்க வடிவத்தை மாற்றியது, வாங்குகிறவர்களுக்கு அந்தக் கோபம் இன்றுவரை ஆறவில்லை. அதனால் அதற்கு முந்தியதை 'ப்ரீ-64' என்று நம் ஊரில் பழைய பித்தளைப் பாத்திரத்தைச் சொல்வது போலச் சொல்வார்கள். தோள்வார் உரசி உரசிக் கட்டையில் ஒரு இடம் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. அதோடு ஒரு அட்டைக்கட்டு. வேட்டைக்காரர்கள் முதுகில் குத்திக்கொள்ள வேண்டிய எண் அட்டைகள். 2016-இல்தான் விஸ்கான்சினில் அந்த வழக்கம் போனது. நாற்பது வருடத்துக்கு மேலான அட்டைகளை அவர் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். அந்த அம்மா கேட்ட 900 டாலரைப் பேரம் பேசாமல் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து அட்டைகளை வரிசைப்படுத்தினேன். ஒரே ஒரு வருடம் விட்டுப்போயிருந்தது. என்ன ஆனதோ என்று இன்னும் யோசிக்கிறேன்.

இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் "இது தாத்தாவோடது" என்று ஒன்றைக் காட்டுவார்கள். என் தாத்தாவிடமும் ஒன்று இருந்தது. தர்மபுரிப் பக்கம் எங்கள் கிராமம், காட்டோரக் கொல்லை. காட்டுப்பன்றியை விரட்டப் பயிர்ப் பாதுகாப்பு லைசென்ஸில் ஓர் ஒற்றைக்குழல் துப்பாக்கி, 'ட்வெல்வ் போர்' ரகம். தேர்தல் அறிவித்ததும் அதை வேட்டியில் சுற்றிக்கொண்டு ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்குவார். முடிவு வந்ததும் போய் வாங்கி வருவார். நானும் ஒரு தடவை கூடப் போயிருக்கிறேன், திரும்பும் வழியில் மிக்சர் வாங்கிக் கொடுத்தார். வேட்டைக் கதைகள் எழுதிய கென்னத் ஆண்டர்சன் எங்கள் பக்கத்துக் காடுகளில் வேட்டையாடியதைத் தாத்தா தன் கண்ணால் பார்த்தது போலவே சொல்வார். நான் முழுசாக நம்பியதில்லை. ஆனால் ஆண்டர்சன் வைத்திருந்தது வின்செஸ்டர் மாடல் 1895, .405 காலிபர் என்பது உண்மை. 1998-இல் தாத்தா போனதும் லைசென்ஸும் போயிற்று. துப்பாக்கி ஸ்டேஷனுக்குப் போனது. அப்பா மனுப் போடலாம் என்றார்கள். அப்பா வாத்தியார், "அந்தச் சனியன் எதுக்கு?" என்று விட்டுவிட்டார். காகித அட்டை கட்டி எந்த மூலையில் துருப்பிடிக்கிறதோ. தாத்தாவின் துப்பாக்கி இல்லாதவன் மற்றவர்களுடைய தாத்தாக்களின் துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டிருக்கிறான் என்று என் மனைவி சொன்னாள். அவள் மனோதத்துவம் படித்தவள் அல்ல, அக்கவுண்ட்ஸ்.

2021 சீசனின் முதல் காலை. பெரியவரின் வின்செஸ்டரை மரியாதைக்காக எடுத்துப் போனேன். ஏழு மணி இருக்கும். பனி படர்ந்த பாசி மேல் சத்தமே இல்லாமல் ஓர் ஆண் மான், எட்டுக் கிளைக் கொம்பு, நாற்பது கஜத்தில் வந்து நின்றது. தூக்கினேன், குறி வைத்தேன், கட்டைவிரல் தானாக சேஃப்டியைத் (தவறிச் சுடாமல் தடுக்கும் தாழ், அதைத் தள்ளினால்தான் சுட முடியும்) தேடிப் போனது. பத்து வருடப் பழக்கம். சாவேஜில் அது கட்டையின் கழுத்தில், கட்டைவிரலுக்கு நேர் கீழே. அங்கே மரம்தான் இருந்தது. வின்செஸ்டரில், தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் பின்தலையில் பக்கவாட்டில் தள்ள வேண்டும். மார்லினில் அழுத்து பொத்தான், டிக்காவில் வேறு இடம். சொந்தக்காரர் வீட்டில் ராத்திரி எழுந்து பாத்ரூம் சுவிட்சைச் சுவரெல்லாம் தடவுவோமே, அப்படித் தடவினேன். மான் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு நிதானமாகப் போனது. ஓடக்கூட இல்லை. ஒரே துப்பாக்கி வைத்திருப்பவனிடம் ஜாக்கிரதையாக இரு என்று இங்கே ஒரு பழமொழி உண்டு. என்னைப் பார்த்து மான்கள் ஜாக்கிரதைப்பட ஒன்றுமில்லை.

நண்பரின் அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. அவரிடம் இருப்பது ஒன்றே ஒன்று. அறுபது வருடமாக அதுதான். இன்னொன்று வேண்டும் என்று தோன்றியதே இல்லையா என்று கேட்டேன். "தோன்றியது, ஆனால் அப்போதெல்லாம் கையில் காசு இருந்ததில்லை" என்றார். ஏதோ ஞானம் சொல்லப்போகிறார் என்று காத்திருந்த எனக்கு அது ஒரு அடி.

இந்தச் செப்டம்பரில் ஒன்றை விற்றேன், .300 மேக்னம். வாங்க வந்தவன் இருபத்தைந்து வயதுப் பையன், அக்டோபரில் கொலராடோவுக்கு எல்க் வேட்டைக்குப் போகிறான். லைசென்ஸ் கையில், நண்பர்கள் மூன்று பேர், கூடாரம், எல்லாம் தயார். எவ்வளவு சுட்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். இருபது என்றேன். "இருநூறா?" என்றான். இல்லை, இருபது. புதுசு மாதிரியே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டான். மீதி ஒரு பெட்டித் தோட்டாவையும் சும்மாவே கொடுத்தேன்.

அந்தப் பணம் ஒரு கவரில் இருந்தது. மறு சனிக்கிழமை பால் வாங்கப் போனேன். அலமாரியின் இரண்டாவது வரிசையில் வின்செஸ்டர் 1895, .405. ஜப்பானில் மிரோகு கம்பெனி செய்த மறுவார்ப்பு. ஒரு தடவை லிவரை இறக்கி ஏற்றிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குக் கொண்டுபோனது இந்தக் காலிபர். விஸ்கான்சினில் சிங்கம் இல்லை. பாலை மறந்து வந்தேன்.

ஆயுத பூஜை வந்தது. ஜமுக்காளம், சந்தனக் கிண்ணம். அவள் கடைசியில் .22-க்குப் பொட்டு வைத்துவிட்டு நிமிர்ந்தாள். நான் கொஞ்சம் பெருமையோடுதான் நின்றிருந்தேன்.

"எட்டா?"

"எட்டு. அந்தப் பெருசை வித்துட்டேன்ல."

அவள் எதிர்ப்பக்கம் இருந்த ஏழு படியைப் பார்த்தாள், ஜமுக்காளத்தைப் பார்த்தாள். "கொலுப்படியைக் கூட யாரும் இரட்டைப்படையில வைக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட்டுச் சுண்டலைத் தாளிக்கப் போய்விட்டாள்.

ஏழாக்கு என்றாளா, ஒன்பதாக்கு என்றாளா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. கேட்கவும் இல்லை. கவர் அப்படியே மேஜை டிராயரில்தான் இருக்கிறது.